மணி அடித்தால் போதுமா?



டிசம்பர் பிறந்துவிட்டால் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் ஏழு கன்னியர் மலைப் பேச்சு எழாமல் இருக்காது. 1974 டிசம்பர் 4 இரவு, சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களோடு ஜித்தாவுக்குப் போன மார்ட்டின் எயார் விமானம் வழியில் கொழும்பில் இறங்கவிருந்தது. விமானிகள் தாங்கள் இருக்கும் இடத்தைப் பிழையாகக் கணித்துத் தாழ்ந்ததில் இந்த மலையில் மோதி, 191 பேரும் மாண்டார்கள். அதற்கு மூன்றே நாள் முன்னர்தான் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலும் ஒரு விமானம் மலையில் மோதி 92 பேர் பலியானார்கள்.

அந்த எழுபதுகளிலேயே அமெரிக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கு ஒரு மென்பொருள் வந்தது. நிலத்தின் மேடுபள்ளம் எல்லாம் அதற்குள் பதிவாகியிருக்கும். ராடரில் தெரியும் விமானம் அளவுக்கு மீறித் தாழ்ந்தால் திரையில் எச்சரிக்கை மின்னும், மணி அடிக்கும்.

இத்தகைய மென்பொருளால் என்ன லாபம் என்று எப்படி அளப்பது? விமானங்களை வரிசைப்படுத்தித் தரையிறக்க உதவுகிறவை என்றால் சிரமமில்லை: வானத்தில் வட்டமடித்த நிமிடங்கள் எத்தனை குறைந்தன, எரிபொருள் எவ்வளவு மிஞ்சியது என்று பார்த்துவிடலாம். ஆனால் எச்சரிக்கை மணியால் நடக்காமல் போன விபத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது? அதனால்தான் நிஜம்போல் அமைத்த பயிற்சிக் கூடத்தில் ஒரே போக்குவரத்தை மென்பொருளோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். மூளைக்கு எவ்வளவு பாரம், எவ்வளவு அவசரம், எவ்வளவு எரிச்சல் என்று கட்டுப்பாட்டாளரையே புள்ளி போடச் சொல்கிறார்கள். நாசா எண்பதுகளில் வகுத்த அளவுகோல் அது.

அந்த எரிச்சலை இலேசாக நினைக்க வேண்டாம். 1997 ஓகஸ்ட் 6 அன்று குவாம் தீவில் கொரிய விமானம் குன்றில் மோதி 228 பேர் இறந்தபோது, அங்கே இதே எச்சரிக்கை மென்பொருள் இருக்கத்தான் இருந்தது. சும்மா சும்மா மணி அடிக்கிறதென்று, ராடரைச் சுற்றி 54 கடல் மைலுக்கு அதை அடக்கி வைத்திருந்தார்கள். காகிதத்தில் அதற்கு எவ்வளவு லாபம் காட்டியிருந்தால் என்ன! வீணாக அடித்த மணி எத்தனை, கேட்டவர் அதை நம்பினாரா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

இது விமானங்களுக்கு மட்டுமான கேள்வி அல்ல. நம் தோட்டங்களில் தேயிலைக் கொழுந்து நிறுக்க இலத்திரனியல் தராசு வந்த கதையும் நமக்குத் தெரியும். எத்தனை நிமிடம் மிச்சம் என்று நிர்வாகம் கணக்குப் பார்க்கும். கூடை சுமந்தவர், எடையில் கழிவு சரியாகக் கழிந்ததா, அன்றைய நாட்கூலிக்குப் பேர் விழுந்ததா என்று பார்ப்பார். இரண்டும் அளவைதான், ஆனால் இரண்டாவதை யாரும் அறிக்கையில் எழுதுவதில்லை.

உங்கள் தோட்டத்தில் அந்தத் தராசு வந்தபோது என்ன மாறியது, என்ன மாறவில்லை? எழுதி அனுப்புங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போடமாட்டோம். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்