பந்து ஓய்ந்த பின்பு

"விளையாட்டு சோறு போடுமா?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். முதன்முதலாக ஒரு பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பியுள்ள எங்களைப் போன்ற குடும்பங்களில் இக்கேள்வி இன்னும் உரக்கவே ஒலிக்கும். இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. வயிறு கேட்கும் கேள்வி இது. பைச்சுங் பூட்டியாவின் வாழ்க்கையில் இதற்கு விடை தேடலாம்.

சிக்கிமின் டிங்கிடம் என்னும் சிற்றூரில் 1976-இல் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஒன்பது வயதில் கிடைத்த இந்திய விளையாட்டு ஆணையத்தின் உதவித்தொகை அவரைக் காங்டாக் பள்ளியில் சேர்த்தது. 1993-இல் ஈஸ்ட் பெங்கால் அணியில் இடம் பெற்றார். 1996-97-இல் பஞ்சாபின் ஜே.சி.டி. ஆலை அணி முதல் தேசிய லீக் கோப்பையை வென்றபோது, அதிகக் கோல் அடித்தவர் அவரே. 1999-இல் இங்கிலாந்தின் பரி அணிக்குச் சென்றார்.

2011-இல் அவர் இந்திய அணியிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் ஜே.சி.டி. அணியும் கலைக்கப்பட்டது. ஆலை அணியின் நிழலில் ஆட்டக்காரன் வாழ்ந்த காலம் மறைந்து வருவதற்கு இது ஓர் அடையாளம் அன்றோ?

பூட்டியா சோர்ந்து விடவில்லை. யுனைடெட் சிக்கிம் கழகத்தின் உரிமையாளராகவும், சிறிது காலம் பயிற்சியாளராகவும் உழைத்தார். அக்கழகம் 2012-இல் ஐ-லீக் போட்டிக்கு உயர்ந்தது. ஆனால் பணமுடையில் சிக்கி அடுத்த ஆண்டே கீழிறங்கியது. 2010-இல் அவர் தொடங்கிய கால்பந்துப் பள்ளிகளோ பல நகரங்களுக்குப் பரவின. புரவலரை நம்பிய கழகம் தளர்ந்தது. மாணவர் கட்டணத்தில் நடக்கும் பள்ளி நிலைத்தது. ஆர்வம் மட்டும் போதாது, வரவு செலவும் தெரிய வேண்டும் என்பதே இதன் பாடம்.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. கட்டணம் கட்ட இயலாத சிறுவன் எங்கே போவான்? பூட்டியாவையே உயர்த்தியது உதவித்தொகைதானே!

எங்கள் ஜூஜுவாடியைப் பாருங்கள். ஒருபுறம் சோதனைச்சாவடி, மறுபுறம் சிப்காட் தொழிற்சாலைகள், நடுவே ஓயாத லாரிகள். வேலி போட்ட மனைகளுக்கிடையே சிறுவர்கள் பந்து உதைக்கிறார்கள். அடுத்த மாதம் அங்கே ஒரு கிடங்கு எழும். ஆட்டம் இன்னொரு மனைக்கு இடம் பெயரும்.

ஆகவே என் கருத்து இது: ஓசூர் வட்டாரத் தொழிற்சாலைகள் ஒன்றுகூடிப் பொது மைதானம் ஒன்றும், ஏழைச் சிறுவர்க்கு ஆண்டுதோறும் சில உதவித்தொகைகளும் தரவேண்டும். அவ்வாறு பெறுவோரின் படிப்பு இடையில் நிற்காதபடி நம் கல்லூரி பொறுப்பேற்கவேண்டும். பேராசிரியப் பெருமக்கள் இக்கோரிக்கையை எழுதித் தந்தால், ஆலை வாயில்தோறும் கொண்டுசெல்ல மாணவர்களாகிய நாங்கள் இருக்கிறோம்.

சோறும் ஆட்டமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அதை மெய்ப்பிக்க ஒரு மைதானம் தாருங்கள்!