படைப்புழு தின்ற வயலும் அடங்கலில் இல்லாத பெயரும்

வெட்டுக்கிளிகள் கூட்டம் கூட்டமாக வந்து வயலைத் தின்று தீர்த்ததைச் சொல்லிப் புலம்புகிறார் இறைவாக்கினர் யோவேல் (யோவே 1:4). 2018ஆம் ஆண்டில் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மக்காச்சோளக் காடுகளில் நாம் கண்டதும் ஏறக்குறைய அதே காட்சிதான். அவ்வாண்டு மே மாதம் இந்தியாவிலேயே முதன்முறையாகக் கர்நாடகத்தில் கண்டறியப்பட்ட அமெரிக்கப் படைப்புழு, சில மாதங்களுக்குள் நம் ஊர்களுக்கும் வந்துவிட்டது. குருத்துக்குள் ஒளிந்து தின்னும் புழுவாதலால் மருந்துக்கும் எளிதில் அகப்படவில்லை.

2019இல் தமிழக அரசு, பாதிக்கப்பட்ட மக்காச்சோள விவசாயிகளுக்கென 186.25 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. இறவைப் பயிருக்கு எக்டருக்கு 13,500 ரூபாய், மானாவாரிக்கு 7,410 ரூபாய். நம் பகுதி மக்காச்சோளம் பெரும்பாலும் மானாவாரி. ஏக்கருக்கு 3,000 ரூபாய் என்று கணக்கு. உழவுக்கும் விதைக்கும் உரத்திற்கும் செலவிட்டவர்களுக்கு இது எம்மாத்திரம் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. நாம் இதை இழப்பீடு என்கிறோம். அரசின் விதியில் இதன் பெயர் இடுபொருள் மானியம். அதாவது போன விளைச்சலுக்கான விலை அன்று, அடுத்த விதைப்புக்கான கைத்தாங்கல். 33 விழுக்காட்டிற்கு மேல் பயிர் அழிந்திருந்தால் மட்டுமே அதுவும் கிடைக்கும்.

இத்தகைய நிவாரணம் வரும்போதெல்லாம் ஊரில் ஒரு மனக்கசப்பும் கூடவே வருகிறது. "பிரீமியம் கட்டிய எனக்கு ஒன்றும் வரவில்லை, கட்டாதவனுக்கு அரசு கொடுக்கிறது" என்பார் ஒருவர். திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமையைச் (மத் 20:1-16) சொல்லி அவர் வாயை நாம் அடைத்துவிடக் கூடாது. அவர் குறையிலும் நியாயம் உண்டு. 2016 முதல் நடைமுறையில் உள்ள பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், பெரும்பாலும் ஊரின் சராசரி விளைச்சலை வைத்தே இழப்பு கணக்கிடப்படுகிறது. அவர் வயல் மட்டும் அழிந்து ஊர் விளைந்திருந்தால் பணம் இல்லை.

அதே வேளையில், காப்பீடு செய்யாதவர் எல்லாரும் அசட்டையாக இருந்தவர் அல்லர். அன்று கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியவருக்குப் பிரீமியம் தானாகப் பிடிக்கப்பட்டது. கடன் பெற வழியில்லாதவர்தான் சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம் என்று தாமே அலைய வேண்டும். 2020 முதல் கடன் வாங்கியவருக்கும் காப்பீடு அவரவர் விருப்பம் என்றாகிவிட்டது. 'லவுதாத்தோ சி' திருமடலில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், கிராம மக்களுக்கு நிலம் மட்டும் போதாது, கடனும் காப்பீடும் சந்தையும் எட்ட வேண்டும் என்னும் கருத்தை எடுத்துரைக்கிறார் (எண் 94).

இவர்களுக்கும் கீழே குத்தகைக்கும் வாரத்திற்கும் பயிரிடுபவர் இருக்கிறார். பேச்சளவில் குத்தகை, கையில் ஒரு தாளும் கிடையாது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் பதிவுக்கு இசையும் நிலச் சொந்தக்காரர் எத்தனை பேர்? அடங்கலில் பெயர் இல்லையென்றால் காப்பீடும் இல்லை, நிவாரணமும் இல்லை. விதைத்தவர் ஒருவர், வங்கிக் கணக்கில் பணம் பெறுபவர் இன்னொருவர். களை எடுத்த, கதிர் ஒடிக்கும் கூலி வேலையையும் இழந்த தாய்மார்களோ எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இவர்கள் அனைவரும் ஞாயிறு திருப்பலியில் ஒரே கூரையின் கீழ்தான் நிற்கிறோம். நிலச் சொந்தக்காரரும் நம்மவர், குத்தகைக்காரரும் நம்மவர். அரசு விதி மாறட்டும் என்று மனு கொடுப்பது தேவைதான். அதுவரை நம் கையில் இருப்பதையாவது செய்யலாமே. காப்பீட்டின் கடைசித் தேதியைத் திருப்பலி முடிவில் அறிவிக்க ஒரு நிமிடம் போதும். கிராம நிர்வாக அலுவலர் பயிர்க் கணக்கெடுக்க வரும் நாளில், எந்த வயலை யார் உழுகிறார் என்று சொல்ல அன்பியத்திலிருந்து இருவர் உடன் போகலாம். தம் கணக்கில் வந்த நிவாரணத்தை உழுதவரிடம் கொடுப்பதற்கோ, யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை.