தீபாவளிக்கு எவ்வளவு சரக்கு போடலாம்? போன வருஷ அக்டோபர் கணக்கு ஏன் கைகொடுக்காது?

‘போன வருஷ விற்பனையோட 10 சதவீதம் கூட்டிக்கோ.’ பெரும்பாலான சிறு ஜவுளிக் கடைகளில் தீபாவளி விற்பனைக் கணிப்பு என்பது இவ்வளவுதான். ஆனால் இந்தக் கணக்கு தப்பினால் அடி பலமாக விழும். சரக்கு அதிகமானால் கடன் வாங்கிப் போட்ட பணம் அலமாரியில் தூங்கும், வட்டி மட்டும் ஓடும். குறைந்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

அப்படியானால் 2026 தீபாவளிக்கு எப்படிக் கணிப்பது?

தேதியைப் பார்க்காதீர்கள், நாளை எண்ணுங்கள்

தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20 ஆகிய தேதிகளில் வந்தது. 2026-ல் நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை.

2025 அக்டோபர் பில்களில் தீபாவளி வியாபாரம் மொத்தமும் அடங்கிவிடும். இந்த முறை அதில் பெரும்பகுதி நவம்பர் முதல் வாரத்துக்குத் தள்ளிப்போகும். அதனால் அக்டோபரோடு அக்டோபரை ஒப்பிட்டால் வியாபாரம் படுத்துவிட்டது போலத் தெரியும். மாதத்தை விட்டுவிட்டு, பண்டிகைக்கு 30 நாள் முன்பு, 15 நாள் முன்பு, 7 நாள் முன்பு எவ்வளவு விற்றது என்று பாருங்கள்.

சம்பளத் தேதியும் முக்கியம். 2025-ல் மாதச் சம்பளம் கைக்கு வந்து கிட்டத்தட்ட 20 நாள் கழித்துத்தான் தீபாவளி. இந்த முறை ஒரே வாரம். அக்டோபர் 31, நவம்பர் 1 என்ற சனி, ஞாயிறில் கூட்டம் குவிய வாய்ப்பு அதிகம். 2023-லும் தீபாவளி நவம்பரில், அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. எனவே எந்த நாளில் எவ்வளவு விற்கும் என்பதற்கு 2025-ஐ விட 2023 பில் புத்தகமே நல்ல வழிகாட்டி.

வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால், அந்த சனி, ஞாயிறில் மழை கொட்டினால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள்.

ஜிஎஸ்டி செய்த மாற்றம்

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. 1,000 ரூபாய்க்கு மேல் 2,500 வரையிலான ஆயத்த ஆடைகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. 2,500-க்கு மேல் 18 ஆக உயர்ந்தது. ஏசி, பெரிய டிவிக்கு 28-லிருந்து 18 ஆனது. விலை குறையும் என்று காத்திருந்தவர்கள் 22-ம் தேதிக்குப் பிறகு வாங்கினார்கள். அடுத்த 28-வது நாள் தீபாவளி. அதாவது போன வருஷ விற்பனையில், தள்ளிப்போட்டு வாங்கியவர்களின் பங்கும் கலந்திருக்கிறது. குறிப்பாக வீட்டு உபயோகப் பொருள் விற்பவர்கள் அதை அப்படியே அடிப்படையாக வைக்கக் கூடாது.

விற்றது வேறு, கேட்டது வேறு

ஒரு உதாரணம். 40 சைஸ் சட்டை 100 வாங்கினீர்கள். 20 நாளில் காலி. தீபாவளிக்கு இன்னும் 10 நாள் இருக்கிறது. உங்கள் கணக்கில் ‘விற்பனை 100’ என்றுதான் இருக்கும். ஆனால் தினம் 5 என்று வைத்தாலே இன்னும் 50 பேர் கேட்டிருப்பார்கள். 100-ஐ வைத்துக் கணித்தால் அதே தப்பை மறுபடியும் செய்வீர்கள். ‘இல்லை’ என்று திருப்பி அனுப்பிய ஒவ்வொரு வாடிக்கையாளரையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

ரூபாய்க் கணக்கும் ஏமாற்றும். விற்பனை 5 சதவீதம் கூடி, விலையும் 5 சதவீதம் கூடியிருந்தால், விற்ற உருப்படிகளின் எண்ணிக்கை கூடவே இல்லை. எத்தனை உருப்படி என்று எண்ணுங்கள்.

ஒரே எண் வேண்டாம், மூன்று எண் போடுங்கள்

குறைந்தபட்சம் 800, சராசரி 1,000, நன்றாகப் போனால் 1,200 என்று வையுங்கள். சூரத் மாதிரி தூரத்திலிருந்து வரும் சரக்கை 800-க்கு மட்டும் உறுதி செய்யலாம். மீதியை ஈரோடு, திருப்பூர் என்று பக்கத்தில், விற்பனை வேகத்தைப் பார்த்து இரண்டாவது தவணையாக எடுக்கலாம்.

எந்தப் பொருள் என்பதையும் பாருங்கள். மிஞ்சிய சட்டையைப் பொங்கலுக்கு விற்கலாம், மிஞ்சிய பால் இனிப்பை விற்க முடியாது. சட்டையில் கொஞ்சம் துணிந்து போடலாம், இனிப்பில் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

பண்டிகை முடிந்ததும் கணித்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு, எந்த சைஸ் தீர்ந்தது, எத்தனை நாள் மழை என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். யாருடைய கணிப்பும் அச்சு அசலாகப் பலிக்காது. ஆனால் எங்கே தப்பியது என்று தெரிந்த கடைக்காரருக்கு அடுத்த வருஷம் நஷ்டம் குறையும்.