பொதியாக்கலும் புதியவர்களும்

கணினிக்கு மென்பொருள் எழுதுதல் ஒரு தொழில்; எழுதியதனை எவரும் ஓர் ஆணையாலே நிறுவிக்கொள்ளுமாறு பொதியாக்கித் தருதல் பிறிதொரு தொழில். முன்னதைச் செய்தாரை உலகம் அறியும். பின்னதைச் செய்தாரை அறிவார் சிலரே. 1993 ஆம் ஆண்டிலே இயன் மேர்டொக் என்பார் தொடக்கிய டெபியன் என்னும் திறந்த மூலப் பணிசெயல் முறைமை இப்பின்னவராலேயே நிலைபெற்று வருகின்றது. தமிழெழுத்தைத் திரையிற் காட்டும் லோகித் எழுத்துருவும் ஆங்கே ஒரு பொதியே. பொதியைப் பேணுவார் விலகிவிடின் அதனை ‘அநாதை’ எனக் குறித்துப் பட்டியலிடுதல் டெபியன் வழக்கு. புதியவர் வாராராயின் அப்பட்டியல் நீளும். பேணுவாரின்றிப் பழுதுற்றவை நாளடைவிற் களஞ்சியத்தினின்றே நீக்கப்படும்.

புதியவர்க்குத் தடையாயிருப்பது யாது? விதிகளின் கடுமையே என்பர் பலர். யான் அவ்வாறு கருதேன். இப்பொதி எவற்றைச் சார்ந்தது, யாது மாற்றப்பட்டது, எவ்வுரிமத்தின்கீழ் வழங்கப்படுகின்றது, எவ்வாறு கட்டப்படல் வேண்டும் என்னும் நான்கனையும் நான்கு கோப்புகளிலே எழுதுக என்பதே அவ்விதிகளின் சாரம். காரணம் கூறின் மாணாக்கன் இதனை ஏற்பான். அவன் மயங்குவது வேறோரிடத்தில். பொதியைக் கட்டுதற்குக் கருவிகள் பல. ஒருவர் எஸ்பில்ட் என்பர், ஒருவர் பீபில்டர் என்பர், மற்றொருவர் கிட் வழியே நன்று என்பர். மூவர் கூற்றும் மெய்யே. ஆனால், ஏடு தொடங்கும் பிள்ளைக்கு மூன்று அரிச்சுவடிகளை ஒருங்கே நீட்டுவார் உளரோ?

விதியைத் தளர்த்தாமலே வழியை எளிதாக்கலாம் என்பதற்குச் சான்றும் டெபியனிலேயே உண்டு. ஜோயி ஹெஸ் ஆக்கிய டெப்ஹெல்பர் என்னும் கருவித்தொகுதியிலே 2008 இல் டிஎச் என்னும் ஆணை சேர்ந்தது. அதற்குமுன் கட்டும் படிகளை ஒவ்வொன்றாக எழுதவேண்டியிருந்த கோப்பு, இயல்பான பொதிகளுக்கு மூன்றே வரிகளில் அடங்கிற்று. மாறுபடும் இடத்தை மாத்திரம் தனியே எழுதினாற் போதும். இலக்கணம் கற்பிப்போர்க்கு இது புதிதன்று: இயல்பு புணர்ச்சியை முற்கூறி விகாரத்தைப் பின் விரித்தல் நம் வகுப்பறை வழக்கன்றோ!

எளிதாக்கின் தகுதியற்ற பொதிகள் புகுந்துவிடும் என்னும் அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. நிறுவப்படும்போது பொதி கணினியின் முழு அதிகாரத்தோடும் இயங்குகின்றது. அதிலே கள்ளம் புகின் பயன்படுத்துவார் யாவர்க்கும் கேடாம். ஆகையாற் புதியவர் பொதியை அனுபவமுடையார் ஒருவர் சோதித்தே களஞ்சியத்தில் ஏற்றும் முறை இருக்கவே வேண்டும். எனினும் சோதனை வேறு, மௌனம் வேறு. திருத்தப்படாமல் மாதக்கணக்கிற் கிடந்த கொப்பியினாலே எந்த மாணாக்கனும் கட்டுரை பயின்றதில்லை.

முதற்பொதி செய்வார்க்கு டெபியன் ஒரே வழியை விதந்துரைத்தல் வேண்டும். ஏனையவற்றை இரண்டாம் பொதிக்கு ஒதுக்கிவைக்கலாம். முதற்பணி புதுப்பொதியாயிருத்தலும் வேண்டா. அநாதைப் பட்டியலில் ஒன்றைத் தெரிந்து, லிண்டியன் என்னும் சோதனைக் கருவி காட்டும் குற்றங்களுள் ஒன்றைத் திருத்தி அனுப்புதல் அமையும். அக்கருவி குற்றத்தைச் சுட்டுவதோடமையாது விளக்கமும் தருவது. கல்லூரியிலே கணினி பயிலும் மாணாக்கர் ஒரு தவணைக்குள் இதனை முடிக்கலாம். வேண்டுவது, அவர் அனுப்பியதை ஒரு கிழமைக்குள்ளே பார்த்து மறுமொழி எழுதும் ஒருவர்.