புளியமரத்துப் பேய்

எங்க பக்கம் த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரி பதினோரு மணிக்குத்தான் வருது. அதுவரைக்கும் மோட்டார் ரூமில் உட்கார்ந்து நாவல் படிப்பேன். பேய்க்கதை எழுதுறவங்க பேயை எங்க ஊர்ப் பக்கம்தான் கொண்டாந்து விடுறாங்க. புளியமரம், பாழுங்கிணறு, ஒத்தையடிப் பாதை. டவுன்ல இருக்கிற உங்களுக்கு அது திகிலா இருக்கலாம். நான் தினமும் மடை திருப்பப் போறதே அந்தப் பாதையிலதான். எனக்குப் பயம் கண்ணாடிவிரியன்கிட்டதான், பேய்கிட்ட இல்ல.

சுஜாதாவோட 'கொலையுதிர் காலம்' மட்டும் வேற. பேயா, விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் மல்லுக்கட்டுறாங்க. கடைசி வரைக்கும் தீர்த்துச் சொல்லல. கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சிட்டா புத்தகத்தை மூடிட்டு வேலையப் பார்க்கலாம். இதை முடிச்ச அன்னைக்கு, கரண்ட் வந்தும் நான் எழுந்திரிக்கல. வீட்டுக்காரிக்குப் போன் போட்டு, "டார்ச் மங்கலா எரியுது, நீயும் வா"ன்னு பொய் சொன்னேன்.