ஆட்டக்காரரின் விலையும் மதிப்பும்

விளையாட்டு உடலுக்கு உரம் தருவதென்றும், உள்ளத்திற்கு உவகை அளிப்பதென்றும் அறிஞர் கூறுவர். அறிவிற்கும் அது பயிற்சி தரும் என்பதை ஒப்புக்கொள்ள நம்மிற் பலர் தயங்குகின்றனர். அதிலும், கணிப்பொறியின் முன் அமர்ந்து ஆடும் ஆட்டத்தை வீண்பொழுதென்று ஒதுக்குவோரே மிகுதி. அவ்வாறு ஒதுக்கப்படும் ஆட்டங்களுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனுள் பொதிந்து கிடக்கும் ஓர் அரிய கலையையும், அக்கலையினிடையே புகுந்துள்ள ஒரு கேட்டையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நாம் குறிப்பது ஹாக்கிக் கழகத்தை நிர்வகிக்கும் ஆட்டமாகும். ஹாக்கி என்றவுடன் நம் நாட்டார் மைதானத்தில் பக்கத்திற்குப் பதினொருவர் நின்று ஆடுவதையே நினைப்பர். இஃது அதுவன்று. கனடா முதலிய குளிர் நாடுகளில், பனிக்கட்டித் தளத்தின்மீது சறுக்குக் காலணி பூண்டு, பக்கத்திற்கு அறுவராக நின்று ஆடும் ஹாக்கியே இது. ‘ஈஸ்ட்சைடு ஹாக்கி மானேஜர்’, ‘பிராஞ்சைஸ் ஹாக்கி மானேஜர்’ என்னும் ஆட்டங்களில் நாம் கோலேந்துவதில்லை. கழகத்தின் மானேஜராக அமர்கின்றோம். யாருக்கு எத்தனை ஆண்டு ஒப்பந்தம், எவ்வளவு சம்பளம், யாரைக் கொடுத்து யாரை வாங்குவது என்று தீர்மானிப்பதே நமது தொழில்.

புதிதாக ஆடப் புகுவோர் செய்யும் முதற்பிழை, பெயர் பெற்ற ஆட்டக்காரர் அனைவரையும் ஒருங்கே திரட்ட முயல்வதாகும். செல்வம் மிக்க கழகமாயின் அவ்வாறு செய்தல் கூடாதோ என்று வினவலாம். கூடாது. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் சம்பளத்தைப் பற்றிய பிணக்கினால் 2004–05ஆம் ஆண்டுப் பருவம் முழுவதுமே ஆட்டமின்றிக் கழிந்தது. அதன் முடிவில், ஒரு கழகம் தன் ஆட்டக்காரர்க்குக் கொடுக்கத்தக்க மொத்தச் சம்பளத்திற்கு ஓர் உச்சவரம்பு கட்டப்பட்டது. 2005–06ஆம் பருவத்தில் அவ்வரம்பு 3 கோடியே 90 லட்சம் டாலர். 2025–26ஆம் பருவத்திற்கு 9 கோடியே 55 லட்சம் டாலர். செல்வக் கழகத்திற்கும் எளிய கழகத்திற்கும் வரம்பு ஒன்றே. ஆகவே, ஒருவனுக்கு மிகையாகக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் மற்றொருவனுக்குக் கொடுக்க இயலாத டாலராகின்றது. இவ்வுண்மையை உணர்ந்தவனே மானேஜர். உணராதவன் வேடிக்கை பார்ப்பவனே.

இதிலிருந்து முதல் விதி பிறக்கின்றது. ஆட்டக்காரனுடைய திறம் வேறு. கழகத்திற்கு அவனால் விளையும் மதிப்பு வேறு. ஓர் உவமானக் கணக்கினால் இதனை விளக்குவோம். சிறந்தான் ஒருவன் ஒரு பருவத்தில் 90 புள்ளிகள் ஈட்டி, 1 கோடி டாலர் பெறுகின்றான் என்க. இளைஞன் ஒருவன் 50 புள்ளிகள் ஈட்டி, 10 லட்சம் டாலர் பெறுகின்றான் என்க. 8 லட்சம் டாலருக்கு எளிதிற் கிடைக்கும் சாதாரண ஆட்டக்காரனோ 20 புள்ளிகள் ஈட்டுவான். அச்சாதாரணனுக்கு மேற்பட்டதையே நாம் விலை கொடுத்து வாங்குகின்றோம். சிறந்தானிடம் 70 புள்ளிகளுக்கு 92 லட்சம் டாலர். அஃதாவது, புள்ளி ஒன்றுக்கு ஏறக்குறைய 1 லட்சத்து 31 ஆயிரம். இளைஞனிடம் 30 புள்ளிகளுக்கு 2 லட்சம். புள்ளி ஒன்றுக்கு ஏறக்குறைய 6,700. திறத்திற் குறைந்தவன் மதிப்பில் உயர்ந்து நிற்பதைக் காண்மின். லீக்கிற் புகும் 18 முதல் 21 வயது வரையுள்ள இளைஞரின் முதல் ஒப்பந்தம் மூன்றாண்டுக்கு உரியதாகவும், ஊதியம் வரம்புக்கு உட்பட்டதாகவும் இருப்பதனாலேயே அவர்களைக் கழகங்கள் எளிதிற் கைவிடுவதில்லை.

எனினும், இக்கணக்கைக் கண்மூடிப் பின்பற்றலும் தவறு. ஓர் ஆட்டத்தில் உடையணிந்து இறங்கத்தக்கவர் கோல்காவலர் இருவர் உட்பட 20 பேரே. மலிவானவர் ஐவரைச் சேர்த்தாலும் களத்தில் ஐந்து இடம் வேண்டுமன்றோ? ஆதலின் மலிவு ஒன்றே மதிப்பாகாது. ஓரிடத்தில் மிகுதியான பயனைத் தருபவனுக்கு அவ்விடத்தின் அருமைக்காகவும் ஒரு விலை உண்டு.

இரண்டாவது விதி ஆண்டுகளைப் பற்றியது. ஒப்பந்தத்தில் சம்பளத் தொகையைக் காண்போர் பலர். ஆண்டுகளை எண்ணுவோர் சிலர். நியூயார்க் ஐலண்டர்ஸ் கழகத்தார் 2006ஆம் ஆண்டில் ரிக் டிபியெட்ரோ என்னும் கோல்காவலருக்கு 15 ஆண்டுகளுக்கு 6 கோடியே 75 லட்சம் டாலர் என ஒப்பந்தம் எழுதினர். ஆண்டுக்கு 45 லட்சம் என்பது அந்நாளில் மிகையாகத் தோன்றவில்லை. ஆனால் காயங்கள் அவரைத் தொடர்ந்து வருத்தின. 2013ஆம் ஆண்டில், எஞ்சிய 8 ஆண்டுகளின் சம்பளத்தில் மூன்றில் இரு பங்காகிய 2 கோடியே 40 லட்சம் டாலரை 16 ஆண்டுகளில் கொடுத்துத் தீர்ப்பதாகக் கழகம் அவரை விடுவித்தது. ஆண்டுதோறும் 15 லட்சம் டாலர் கொடுக்கும் அக்கடன் 2029ஆம் ஆண்டு வரை நீள்கின்றது. அத்தொகை உச்சவரம்பில் சேராதபடி அவ்வாண்டு ஒரு தனிச் சலுகை இருந்தமையால் கழகம் ஒருவாறு தப்பியது. நெடிய ஒப்பந்தங்களால் விளைந்த கேடுகளைக் கண்டே, 2013ஆம் ஆண்டின் உடன்படிக்கையில், தன் சொந்த ஆட்டக்காரனுக்கு 8 ஆண்டும், பிறருக்கு 7 ஆண்டுமே எல்லை என விதித்தனர். முப்பது வயதினனுக்கு எட்டாண்டு எழுதுபவன் அவனுடைய முப்பத்தெட்டாம் வயதையும் விலைக்கு வாங்குகின்றான் என்பதை மறத்தலாகாது. கழிந்த காலத்தின் புகழுக்கு வருங்காலத்தின் பொருளைக் கொடுப்பது அறிவுடைமையன்று.

இனிப் பரிவர்த்தனையைப் பற்றிச் சில கூறுவோம். ஐந்து நடுத்தர ஆட்டக்காரரைக் கொடுத்து ஒரு பெருவீரனைக் கவர்ந்துவிடலாம் என்று எண்ணுவோர் உளர். பலர் கூடினாலும் ஒரு பெருவீரனுக்கு ஈடாகார் என்று மறுப்போரும் உளர். இரண்டும் முழு உண்மையல்ல. 1991ஆம் ஆண்டின் புதியவர் தேர்வில் முதல்வராக எரிக் லின்ட்ரோஸைக் கியூபெக் நார்டிக்ஸ் கழகம் தேர்ந்தெடுத்தது. அவரோ அங்கே ஆட மறுத்தார். 1992இல் அவரைப் பிலடெல்பியா கழகத்திற்கு அளித்து, பீட்டர் போர்ஸ்பெர்க் உள்ளிட்ட ஆட்டக்காரர் அறுவரையும், புதியவர் தேர்வில் இரண்டு முதற்சுற்று உரிமைகளையும், 1 கோடியே 50 லட்சம் டாலரையும் கியூபெக் பெற்றது. லின்ட்ரோஸ் 1995இல் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர்க்குரிய ஹார்ட் பரிசைப் பெற்றார் எனினும், ஸ்டான்லி கோப்பை அவர் கைக்கு எட்டவில்லை. 1995இல் கொலராடோவிற்குக் குடிபெயர்ந்த கியூபெக் கழகமோ 1996இல் அக்கோப்பையை வென்றது. போர்ஸ்பெர்க்கும் பின்னர் 2003இல் ஹார்ட் பரிசு பெற்றார். பெற்ற உரிமைகளுள் ஒன்றினால் 1993இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜோஸலின் திபோ, 1995 டிசம்பரில் பேட்ரிக் ராய் என்னும் பெருங்கோல்காவலரைப் பெறுவதற்குக் கொடுத்த பொருளுள் ஒருவராயினார். எண்ணிக்கை வென்றதன்று இது. எண்ணிக்கையினுள்ளே லின்ட்ரோஸுக்கு நிகராக வளரத்தக்க ஒருவர் இருந்தார் என்பதே காரணம். ஆகவே பலரைப் பெறும்போது, “இவர்களுள் யார் வளர்வார்?” என்பதே வினாவாதல் வேண்டும்.

வளர்வார் யாரென்று அறிதல் எளிதோ? பாவெல் தட்சுக் 1998இல் 171ஆவது இடத்திலும், ஹென்ரிக் ஜெட்டர்பெர்க் 1999இல் 210ஆவது இடத்திலும் தேர்ந்தெடுக்கப்பட்டு, டெட்ராய்ட் கழகத்தின் இரு தூண்களாயினர். 1993இல் முதலிடம் பெற்ற அலெக்ஸாண்டர் டெய்கிலோ எதிர்பார்த்த அளவு உயரவில்லை. இவற்றைக் கண்டு, கடைசி உரிமைகளே நல்லவை என்று முடிவு செய்தல் பேதைமை. கடைசியில் எடுக்கப்பட்டு மறைந்தொழிந்தவர் பெயரை யாரும் சொல்வதில்லை. ஆதலின் தப்பிப் பிழைத்த இருவரைக் கொண்டு அனைவரையும் அளத்தல் பொருந்தாது. தேர்வுரிமை என்பது பயிரன்று, விதை. விதையின் விலையை விளைச்சலின் சராசரியைக் கொண்டே மதித்தல் வேண்டும்.

இனி, நாம் முன்னே சுட்டிய கேட்டிற்கு வருவோம். இவ்வாட்டங்களில் எதிர்க்கழகங்களை நடத்துவது பொறியே. அப்பொறியின் மதிப்பீட்டிற் குறைகள் உண்டு. அக்குறைகளைக் கண்டுபிடித்து, பயனற்ற நெடிய ஒப்பந்தங்களை அதன் தலையிற் கட்டி, பெருவீரரைக் கவர்ந்துகொண்டு, “எம் திறமையைக் காண்மின்” என மார்தட்டுவோர் பலர். மற்றும் சிலர், பரிவர்த்தனை பழுதாயின், முன்பு சேமித்து வைத்த நிலைக்கு மீண்டு, நடந்ததை நடவாததாக ஆக்கிக்கொள்கின்றனர். விளையாட்டில் யாருக்கு என்ன நட்டம் என்று இவர்கள் கேட்கலாம். நட்டம் ஆடுவோருக்கே. பிழையின் பயனை நுகராதவன் பிழையினின்றும் ஒன்றும் கல்லான். எதிரியின் அறியாமையால் வென்றவன் மதிப்பிடும் கலையைக் கற்றவனல்லன். ஏமாற்றும் கலையையே கற்றவன்.

நல்ல பரிவர்த்தனைக்கு நாம் கூறும் சோதனை ஒன்றுண்டு. மாற்றை முடிப்பதற்கு முன், மனத்தளவில் எழுந்து எதிர்ப்பக்க நாற்காலியில் அமர்க. அங்கிருந்து பார்க்கும்போதும் அம்மாற்று ஏற்கத்தக்கதோ என்று வினவுக. ஏற்கத்தக்கதாயின், இரு கழகத்தின் தேவைகளையும் அறிந்தீர் என்பது பொருள். இஃது எங்ஙனம் கூடும், ஒருவன் பெறுவது மற்றவன் இழப்பதன்றோ எனின், அன்று. இப்பருவத்தோடு ஒப்பந்தம் முடியும் முதிர்ந்த ஆட்டக்காரன், கோப்பைக்குப் போட்டியிடாத கழகத்திற்குப் பயனற்றவன். போட்டியிடும் கழகத்திற்கோ பெரும்பயன் தருபவன். விற்பவர் அவனுடைய சம்பளத்தில் பாதி வரை தாமே ஏற்றுக்கொள்ளவும் விதி இடங்கொடுக்கின்றது. அவர்க்குத் தேர்வுரிமை, இவர்க்கு வெற்றி. இருவரும் மகிழ்தற்குரிய மாற்று இதுவே.

மனிதரை விலைபேசுதல் இழிவன்றோ என்று கூறும் நண்பருக்கும் ஒரு சொல். 1988 ஆகஸ்டு 9ஆம் நாள், 27 வயதினரான வேய்ன் கிரெட்ஸ்கியை எட்மன்டன் கழகம் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொடுத்தபோது கனடிய மக்கள் கொதித்தெழுந்தனர். அரசாங்கமே தடுத்தல் வேண்டுமென நெல்சன் ரைஸ் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் கூறினார். எட்மன்டன் 1990இல் அவரின்றியே கோப்பையை வென்றது. அதனால் மக்களின் துயர் பொய்யாகுமோ? ஆகாது. ஒப்பந்தம் மதிப்பிடுவது ஒருவருடைய உழைப்பின் ஒரு பகுதியை, சில ஆண்டுகளுக்கு மட்டுமே, அவரையன்று. இவ்வேறுபாட்டை மறந்தால், ஆட்டக்காரர் பெயருக்கு எதிரே நிற்கும் எண்கள் ஆட்டக்காரரையே விழுங்கிவிடும்.

நாமும் விரைவில் கல்லூரியை விட்டு நீங்கி, ஒப்பந்தங்களில் கையெழுத்திடப் போகின்றோம். நம் உழைப்புக்கும் பிறர் விலை கூறப் போகின்றனர். அப்பொழுது தொகையை மட்டுமன்றி ஆண்டுகளையும் எண்ணவும், நம் பக்கத்தை மட்டுமன்றி எதிர்ப்பக்கத்தையும் நோக்கவும், கொடுக்கப்படும் விலையே நாம் என்று மயங்காதிருக்கவும் வேண்டும். இவற்றை ஒரு விளையாட்டிலேயே பழகிக்கொள்ளுதல் கூடும், நேர்மையாக ஆடினால். ஆதலின், மாணவ நண்பர்காள், ஆடுவதாயின் பழைய நிலைக்கு மீளாது ஆடுக. பொறியை ஏமாற்றாது ஆடுக. தோற்பினும் கணக்கைத் திறந்து பார்த்துத் தோற்ற காரணத்தை அறிக. அவ்வாறு ஆடுவோர்க்கு அது வீண்பொழுதாகாது.