மனத்துக்கு ஒரு வழித்துணை

வள்ளியூரிலும், அதைச் சூழ்ந்த பணகுடி, ராதாபுரம் பகுதிகளிலும் மனம் தளர்ந்து கிடக்கும் ஒருவர் வைத்தியரிடம் போகலாமென்று துணிந்தாலும், திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ ஆசாரிபள்ளத்துக்கோ பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கணக்கும், "அவுக வீட்டுல யாருக்கு என்னவாம்?" என்று தெருவில் எழப்போகும் கேள்வியும் சேர்ந்து அவரைத் திண்ணையிலேயே உட்காரவைத்துவிடுகின்றன. பெங்களூர் நிமான்ஸ் ஸ்தாபனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நோயின் வகைக்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறுவதில்லை என்று கண்டது. வைத்தியர்களை நாளைக்கே பெருக்கிவிட இயலாது. ஆகவே, முறையாகப் பயின்று, வாரந்தோறும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, துவண்டவர் மறுபடி தம் காரியங்களைத் தாமே பார்க்கத் தொடங்கும்வரை உடன்வரும் பயிற்சியாளர் ஒருவர் ஊருக்கு ஊர் வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இதை மேல்நாட்டு நாகரிகம் என்று எண்ணுவோர் ஆயிக்குடிக்கு ஒருமுறை போய்வரலாம். 1975இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது விழுந்து, தண்டுவடம் சேதமுற்று, கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோன எஸ். ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர், 1981இல் தம் சொந்த ஊரான ஆயிக்குடியிலேயே மாற்றுத்திறனாளிகளுக்காக ஒரு ஸ்தாபனத்தைத் தொடங்கியபோது, தமக்குச் சிகிச்சை செய்து தைரியமும் ஊட்டிய விமானப்படை வைத்தியர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை நன்றியோடு அதற்குச் சூட்டினார். அதுவே அமர் சேவா சங்கம். 1992இல் தசைச்சிதைவு நோயுள்ள ஆடிட்டர் எஸ். சங்கரராமனும் வந்து சேர்ந்தார். 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சங்கத்தின் களப்பணியாளர்கள் வீடு தேடிப்போய், வளர்ச்சி குன்றிய குழந்தையை எப்படி உட்காரவைப்பது, எப்படி ஊட்டுவது, எப்படி விளையாட்டுக் காட்டுவது என்று தாய்க்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். தன் கையாலும் ஏதோ ஆகும் என்று அறிந்த தாயின் துக்கம் பாதி குறைந்துவிடுகிறது. மனநலத் தொண்டு என்று பெயர் சூட்டாமலே நடக்கும் மனநலத் தொண்டு இது.

கோவாவில் இதையே நோய்க்கு நேராக நிறுத்திப் பரீட்சித்தார்கள். டாக்டர் விக்ரம் படேலும் 'சங்காத்' ஸ்தாபனத்தாரும், மனோதத்துவப் பட்டம் எதுவும் பெறாத உள்ளூர்வாசிகளைப் பழக்கி, 10 ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடும் மனச்சோர்வுடைய நோயாளிகளோடு ஆறிலிருந்து எட்டு அமர்வுகள் பேசவைத்தார்கள். 2017இல் லான்செட் பத்திரிகையில் முடிவு வெளிவந்தது: மூன்று மாதத்தில் சோர்வு நீங்கியவர்கள், இந்தத் துணையைப் பெற்றவர்களில் நூற்றுக்கு 64 பேர், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 பேர்.

அந்த அமர்வுகளில் உபதேசத்துக்கு அதிக இடமில்லை. வள்ளியூரில் பீடி சுற்றும் ஒரு பெண்மணி, கணவர் துபாயில், மாதக்கணக்காகத் தூக்கமில்லை, வாசலுக்கே வருவதில்லை என்று வைத்துக்கொள்வோம். அவரைப் பார்க்க வரும் பயிற்சியாளர்ப் பெண், "அக்கா, சாப்பிட்டியளா, ராத்திரி கண்ணசந்துச்சா?" என்றுதான் தொடங்குவாள்; முன்பு எதில் சந்தோஷம் கண்டார் என்று மெல்லக் கேட்டு, செவ்வாய்க்கிழமை முருகன் கோயில் குகைவரை போய்வருவது, ஒருநாளாவது பீடித்தட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்றுவது என்று இரண்டே காரியங்களை ஒரு தாளில் குறித்துவைப்பாள். மறுவாரம் வந்து, நடந்ததா, எது தடுத்தது என்று விசாரிப்பாள். மனம் தெளிந்தபின் செயல்படலாம் என்று காத்திருப்பவருக்கு, செயலின் வழியாகவே மனம் தெளியும் என்று அனுபவத்தில் காட்டுவதே இம்முறையின் சூட்சுமம்.

நகரங்களில் வாழ்க்கைப் பயிற்சியாளர் என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்கிறார்கள். அதைப் பார்க்கையில் எனக்குப் பயமே உண்டாகிறது. உயிரை விட்டுவிடலாமென்ற எண்ணம், பிறர் கேளாத குரல் காதில் விழுதல், பிரசவத்துக்குப் பின் வரும் சித்தக்கலக்கம் ஆகியவற்றைக் கண்டவுடன், தம் எல்லை இதுவென உணர்ந்து வைத்தியரிடம் கூட்டிச்செல்லத் தெரியாதவர் இந்தப் பணிக்கு வரலாகாது. கோவாவில் அமர்வுகளின் ஒலிப்பதிவைச் சக ஊழியர்களே கூடிக் கேட்டு, குறைகளைப் பேசித் திருத்திக்கொண்டார்கள். அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் பயிற்சியை மட்டும் பரப்புவது அபாயம்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு வீடாகப் பெண் தன்னார்வலர்கள் ஏற்கெனவே போய்வருகிறார்கள். அவர்கள் படியேறினால் தெரு வேறுவிதமாகப் பேசாது. வள்ளியூர் வட்டாரத்தில் அவர்களிலே சிலரைத் தெரிந்தெடுத்து, இக்கலையில் சில மாதம் பழக்கி, மாவட்ட மனநலத் திட்டத்து வைத்தியர் ஒருவர் வாரம் ஒருமுறை அவர்களைக் கூட்டிக் கலந்துபேச ஏற்பாடு செய்யவேண்டும். நடுராத்திரியில் அழைக்க 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை அந்தத் தாளின் அடியிலேயே அவர்கள் எழுதிக்கொடுக்கட்டும். ஆனால், இந்த வேலையைச் சேவை என்ற பெயரில் இலவசமாக வாங்கக் கூடாது. ஏற்கெனவே தரப்படும் சொற்பத் தொகைக்குமேல், ஒரு குடும்பம் நடத்தத் தக்க மாதச் சம்பளமாகவே கொடுக்கவேண்டும்.